2 3/16 அங்குலம் தசமத்தில் எவ்வளவு? பின்ன அளவுகளை மாற்றும்போது எங்கே தவறுகிறேன்?

கடைசல் புதியவன்:

அனைவருக்கும் வணக்கம். லேத் பட்டறையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. இதுவரை என் கைக்கு வந்த டிராயிங் எல்லாம் மில்லிமீட்டரில்தான் இருந்தன. போன வாரம் முதல் தடவையாக, முழுக்க முழுக்க அங்குலத்தில், அதுவும் பின்னத்தில் எழுதிய பழைய டிராயிங் ஒன்று வந்தது. மெஷினில் இருக்கும் டிஜிட்டல் அளவுகாட்டியோ தசமத்தில்தான் காட்டும். ஆகவே ஒவ்வோர் அளவையும் மாற்றி எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். இரண்டு இடத்தில் தப்பு நடந்துவிட்டது.

முதலாவது, ஷாஃப்ட்டின் நீளம். டிராயிங்கில் 2 3/16 என்று இருந்தது. கால்குலேட்டரில் தட்டியபோது 1.4375 வந்தது. அதை நம்பி நான்கு துண்டு வெட்டினேன். நான்கும் முக்கால் அங்குலம் குட்டை.

இரண்டாவது, ஒரு பட்டைத் தகட்டில் வரிசையாக 24 துளை. நடுவுக்கு நடு 5/16 அங்குலம். துளைகளைப் போட்டு முடித்து ஜோடித் தகட்டை மேலே வைத்துப் பார்த்தால் முதல் நான்கைந்து துளை நன்றாகப் பொருந்துகிறது. அதன்பிறகு மெல்ல மெல்ல விலகிக்கொண்டே போய், கடைசித் துளையில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. மெஷினில் பழுது இருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன்.

மேஸ்திரி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் மனத்தை அதிகம் உறுத்துகிறது. சுவரில் 1/64 முதல் 63/64 வரை ஓர் அட்டவணை தொங்குகிறது. அதை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டால் இனிமேல் தப்பு வராதா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

வெர்னியர்:

தம்பி, முதல் தவறு என்ன என்பது கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. 23-ஐ 16-ஆல் வகுத்தால் 1.4375. நீங்கள் 2-ஐயும் 3-ஐயும் ஒட்டித் தட்டிவிட்டீர்கள். 2 3/16 என்பது இரண்டும், பதினாறில் மூன்றும். முதலில் 3-ஐ 16-ஆல் வகுக்க வேண்டும், 0.1875 வரும். அதோடு 2-ஐக் கூட்டினால் 2.1875.

முழு எண்ணைக் கால்குலேட்டருக்குள் கொண்டுபோகவே வேண்டாம் என்பது நான் தொழில் கற்றபோது எனக்குச் சொல்லித்தந்த பழக்கம். முழு எண்ணை முதலில் தாளில் எழுதி, ஒரு புள்ளி வையுங்கள். பின்னத்தை மட்டும் வகுத்து, வரும் இலக்கங்களைப் புள்ளிக்கு வலப்பக்கம் எழுதுங்கள். இரண்டு அங்குலம் என்று எழுதிய தாளில் ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவான விடை வர வழியே இல்லாமல் போகும்.

பழைய டிராயிங்கில் இன்னும் மோசமான ஒரு பொறி உண்டு. முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் நடுவே சிறு கோடு இழுத்து 1-3/8 என்று எழுதியிருப்பார்கள். அது கழித்தல் குறி அன்று, வெறும் பிரிப்புக் கோடு. 1.375 என்றுதான் படிக்க வேண்டும். அதேபோல நகல் எடுத்து எடுத்து மங்கிய தாளில் 1 1/4 என்பது 11/4 போலத் தெரியும். ஒன்று 1.25, மற்றொன்று 2.75. சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருக்கும் அளவுகளைக் கூட்டி மொத்த நீளத்தோடு ஒத்துப்பாருங்கள்.

இரண்டாவது விஷயத்துக்கு ஒரு கேள்வி. 5/16-க்கு அளவுகாட்டியில் எத்தனை இலக்கம் வரை கொடுத்தீர்கள்?

கடைசல் புதியவன்:

நன்றி ஐயா. இரண்டு இலக்கம். 0.31 என்று கொடுத்து, ஒவ்வொரு துளைக்கும் அதைக் கூட்டிக்கொண்டே போனேன்.

வெர்னியர்:

மெஷினில் ஒரு பழுதும் இல்லை. 5/16 என்பது சரியாக 0.3125. நீங்கள் ஒவ்வோர் இடைவெளியிலும் 0.0025 அங்குலத்தைக் கீழே விட்டுவிட்டீர்கள். 24 துளைக்கு 23 இடைவெளி. 23 × 0.3125 = 7.1875. 23 × 0.31 = 7.13. வித்தியாசம் 0.0575 அங்குலம், அதாவது 1.46 மி.மீ. நீங்கள் சொன்ன ஒன்றரை மில்லிமீட்டர் அதுதான்.

முதல் நான்கைந்து துளை பொருந்தியதற்கும் காரணம் இதுவே. ஐந்தாவது துளையில் நான்கு இடைவெளியின் தவறு சேர்ந்து 0.01 அங்குலம்தான் ஆகியிருக்கும். துளைக்கும் அதில் இறக்கிப் பார்க்கும் ஊசிக்கும் இடையில் உள்ள தளர்வு அதை விழுங்கிவிட்டது.

எண்சுவடி:

இங்கே அட்டவணை மனப்பாடம் பற்றிக் கேட்டிருக்கிறார். நான் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன், பட்டறைக்காரன் அல்லன். ஆனால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்த இடத்தில் வந்து நிற்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அங்குல அளவுகோலில் பகுதியாக வருவன 2, 4, 8, 16, 32, 64 மட்டுமே. எல்லாம் இரண்டின் அடுக்குகள். நம் தசமத்தின் அடித்தளம் 10, அது 2 × 5. ஆகையால் 1/64-ஐ எழுத வேண்டுமென்றால் மேலும் கீழும் 5-ஐ ஆறு தடவை பெருக்கினால் போதும். கீழே 64 × 15625 = 10,00,000 ஆகிவிடும், மேலே 15625 நிற்கும். எனவே 1/64 = 0.015625. ஒரு துளியும் மீதி இல்லை. 1/3 போல 0.333 என்று முடிவில்லாமல் ஓடும் தொல்லை அங்குலப் பின்னத்தில் கிடையவே கிடையாது. எல்லாம் ஓர் இடத்தில் தீர்ந்து நிற்கும்.

எங்கே நிற்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். சுருக்கிய பின்னத்தின் பகுதி 8 என்றால் மூன்று இலக்கம், 16 என்றால் நான்கு, 32 என்றால் ஐந்து, 64 என்றால் ஆறு. அரையிலிருந்து அறுபத்துநான்கு வரை எதுவானாலும் கடைசி இலக்கம் 5. நீங்கள் 7/32-க்கு விடை எழுதி அது ஐந்து இலக்கத்தில் முடியவில்லை என்றாலோ, கடைசி இலக்கம் 5 ஆக இல்லை என்றாலோ, எங்கோ தவறிவிட்டீர்கள், அல்லது பாதியில் வெட்டிவிட்டீர்கள். 7/32 = 0.21875. சரிபார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

இனி மனப்பாடம். 63 வரி தேவையில்லை தம்பி. நம் மொழியிலேயே இதற்கான ஏணி இருக்கிறது. அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம். இவை முறையே 1/2, 1/4, 1/8, 1/16, 1/32, 1/64. அங்குல அளவுகோலின் கோடுகள் நீளத்திலிருந்து குட்டைக்கு இறங்குவதும் இதே படிகளில்தான். வீசத்துக்கு மாகாணி என்றும் பெயர். மா என்றால் 1/20, காணி என்றால் 1/80, இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. பெயரே கணக்கைச் சொல்லிவிடுகிறது.

ஆறு மதிப்புகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரை 0.5, கால் 0.25, அரைக்கால் 0.125, வீசம் 0.0625, அரைவீசம் 0.03125, கால்வீசம் 0.015625. ஒவ்வொன்றும் முன்னதில் பாதி. இனி 43/64 வேண்டுமா? 43-ஐ 32 + 8 + 2 + 1 என்று உடைக்கலாம். அதாவது அரை, அரைக்கால், அரைவீசம், கால்வீசம். கூட்டினால் 0.5 + 0.125 + 0.03125 + 0.015625 = 0.671875. எந்தப் பின்னத்தை எடுத்தாலும் இந்த ஆறில் ஒவ்வொன்றும் ஒரு தடவை வரும், அல்லது வராது. இரண்டு தடவை வர வேண்டிய தேவையே இல்லை.

மரம் இழைப்பவர்:

எண்சுவடி ஐயா எழுதியதைப் படித்தபோது மனம் நிறைந்தது. என் அப்பா 'முக்காலே அரைக்கால்' என்று சொல்லித்தான் மரத்தில் கோடு கிழிப்பார். 7/8 என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்துச் சொல்வதும் எங்களிடம் உண்டு. ஐந்து நூல் என்றால் 5/8, தசமத்தில் 0.625.

ஆனால் ஒரு மாறுபட்ட கருத்தையும் சொல்ல விரும்புகிறேன். எதற்காக எப்போதும் தசமத்துக்கு ஓட வேண்டும்? மரவேலையில் பாதியாக்குவதுதான் அதிகம். பாதியாக்குவதற்குப் பின்னம்தான் கைக்கு இசைவானது. 5/16-இல் பாதி 5/32. கீழே இரட்டித்தால் முடிந்தது. 11 5/16-இல் பாதி வேண்டுமா? 11 ஒற்றைப்படை. அதில் பாதிக்கு 5 எழுதுங்கள். மீதி ஒன்றுக்காக மேலே 5-உடன் 16-ஐக் கூட்டி 21 ஆக்குங்கள், கீழே 32 ஆக்குங்கள். 5 21/32. காகிதமும் வேண்டாம், கால்குலேட்டரும் வேண்டாம்.

தசமத்தில் போனால் 11.3125, பாதி 5.65625. இந்த எண்ணை எடுத்துக்கொண்டு அளவுநாடாவில் எந்தக் கோட்டைத் தேடுவது? திரும்பவும் பின்னத்துக்கு வர வேண்டும்.

வெர்னியர்:

உங்கள் அளவுநாடாவுக்கு அது சரி. தம்பியின் மெஷின் பின்னம் பேசாது, ஆகவே அவருக்கு வேறு வழியில்லை. அங்குல மைக்ரோமீட்டரும் அப்படித்தான். அதன் திருகில் அங்குலத்துக்கு 40 புரி, ஒரு சுற்றுக்கு 0.025 அங்குலம், சுழலும் உறையில் 25 கோடு, ஆக ஒரு கோடு 0.001 அங்குலம். அந்தக் கருவி பிறந்ததே தசமத்துக்குள்.

மூன்று பாகமாக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

மரம் இழைப்பவர்:

நல்ல கேள்வி. மூன்று என்றால் நானும் தசமத்துக்குத்தான் போவேன். 11.3125-ஐ மூன்றால் வகுத்தால் 3.7708. திரும்பி வர, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை மட்டும் 64-ஆல் பெருக்குவேன். 0.7708 × 64 = 49.33. ஆக 3 49/64-க்குச் சற்றுக் கூடுதல். மூன்று துண்டையும் 3 49/64 என்று வெட்டினால் மொத்தத்தில் 1/64 குறையும். அந்தக் குறையை எந்தத் துண்டில் ஒளிப்பது என்று முன்பே தீர்மானித்துக்கொள்வேன். ரம்பத்தின் வாய் தின்னும் மரத்தையும் தனியாகக் கழித்துவிட வேண்டும்.

சோதனை மேசை:

நான் அளவுச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். இதுவரை யாரும் தொடாத ஓர் இடத்தைத் தொடுகிறேன். என் மேசைக்கு வரும் சச்சரவுகளில் பாதி இதனால்தான் வருகிறது.

3/8-ஐ 0.375 என்று மாற்றி எழுதினால் அளவு மாறவில்லை. ஆனால் வாக்குறுதி மாறிவிடக்கூடும். டிராயிங்கின் மூலையில் உள்ள பெட்டியைப் பாருங்கள். பின்ன அளவுக்கு ஒரு டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு), இரண்டு இலக்கத் தசமத்துக்கு ஒன்று, மூன்று இலக்கத் தசமத்துக்கு வேறொன்று என்று பல டிராயிங்குகளில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். உதாரணத்துக்கு, பின்னத்துக்கு ±1/64 என்றும், மூன்று இலக்கத்துக்கு ±0.005 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரைந்தவர் 3/8 என்று எழுதியபோது ±0.0156 வரை விட்டுக்கொடுத்திருக்கிறார். நீங்கள் நகல் எடுத்து 0.375 என்று எழுதிய நொடியில், அந்தப் பெட்டியின்படி அது ±0.005 ஆகிவிடுகிறது. மூன்று மடங்கு இறுக்கம். நல்ல துண்டுகளை நான் தள்ளிவிட வேண்டிவரும்.

எனவே தம்பி, உங்கள் சொந்தத் தாளில் மாற்றி எழுதும்போது பக்கத்திலேயே மூல டாலரன்ஸையும் எழுதிக்கொள்ளுங்கள். 0.375 ±0.0156 என்று. இலக்கங்களின் எண்ணிக்கை மெஷினுக்காக, டாலரன்ஸ் டிராயிங்குக்காக. இரண்டையும் கலக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்க முறையில் வரைந்த அங்குல டிராயிங்குகளில் ஒன்றுக்குக் குறைந்த தசமத்துக்கு முன்னால் பூச்சியம் போடுவதில்லை. .375 என்று வெறும் புள்ளியோடு தொடங்கும். மில்லிமீட்டர் டிராயிங்கில் பூச்சியம் இருக்கும். நகலில் அந்தப் புள்ளி அழிந்துபோயிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

விரிதாள்:

மூன்று இலக்கம் போதும் என்றால் 5/16-ஐ 0.313 என்று எழுதுவதா, 0.312 என்று எழுதுவதா? எங்கள் பட்டறையில் இரண்டு அட்டவணை இருக்கிறது. ஒன்றில் .312, மற்றொன்றில் .313. எது அச்சுப்பிழை?

எண்சுவடி:

இரண்டும் பிழையில்லை. 0.3125 சரியாக நடுவில் நிற்கிறது. பள்ளியில் படித்தபடி 5 வந்தால் மேலே ஏற்றினால் 0.313. நடுவில் நிற்கும் எண்ணை இரட்டைப்படை இலக்கத்தில் முடியும்படி ஏற்றவோ இறக்கவோ செய்யும் மரபு ஒன்று உண்டு, அதன்படி 0.312.

பதினாறில் ஒற்றைப்படைப் பின்னங்கள் எட்டும் நான்கு இலக்கத்தில் முடிந்து, கடைசி இலக்கம் 5 ஆக இருப்பதால், மூன்று இலக்கத்துக்குச் சுருக்கும்போது எட்டுக்குமே இந்தக் குழப்பம் வரும். 1/16, 5/16, 9/16, 13/16 ஆகிய நான்கில்தான் இரு மரபும் பிரிகின்றன. மற்ற நான்கில் இரண்டும் ஒரே விடையைத் தரும். உதாரணமாக 3/16 எந்த மரபிலும் 0.188-தான். எப்போதும் மேலே ஏற்றினால் தவறு முழுவதும் ஒரே பக்கம் சாயும், பாதியை ஏற்றிப் பாதியை இறக்கினால் ஒன்றையொன்று ஈடுகட்டும். இரட்டை மரபின் நியாயம் அதுதான்.

சோதனை மேசை:

ஐயா சொன்னது உண்மை. ஆனால் ஒரே அளவைத் திரும்பத் திரும்பக் கூட்டும்போது எந்த மரபும் காப்பாற்றாது. வீசத்தை 0.063 என்று எழுதிப் பதினாறு தடவை கூட்டிப்பாருங்கள், 1.008 வரும். 0.062 என்றால் 0.992. இரண்டும் ஓர் அங்குலம் அன்று.

வேலையில் இறங்கும்போது ஒரு துளைக்கு ஒரு துளை என்று தாவாமல், எல்லாத் துளையையும் முதல் துளையின் நடுவிலிருந்து அளக்க வேண்டும். பன்னிரண்டாவது துளைக்குப் பதினொரு இடைவெளி. 11 × 5/16 = 55/16 = 3 7/16 = 3.4375. பெருக்கலைப் பின்னத்திலேயே முடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை தசமமாக்குங்கள். சுருக்குவதானால் அப்போதுதான் சுருக்க வேண்டும். அப்படிச் செய்தால் 24-ஆவது துளையிலும் தவறு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

விரிதாள்:

தெளிவானது, நன்றி. என் பங்குக்குக் கணினி பற்றி ஒன்று.

எக்செல்லில் வெறுமனே 3/8 என்று தட்டினால் அது தேதியாக மாறிவிடும். பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். முன்னால் ஒரு பூச்சியமும் இடைவெளியும் விட்டு 0 3/8 என்று தட்டினால் பின்னமாக ஏற்றுக்கொள்ளும். 2 3/16 என்று நடுவில் இடைவெளியோடு தட்டினால் உள்ளே 2.1875 என்று சேமிக்கும். தம்பியின் முதல் தவறு அங்கே நடக்காது.

தசமத்திலிருந்து பின்னத்துக்குத் திரும்பும்போது எச்சரிக்கை. கட்டத்தின் வடிவத்தை 'இரண்டு இலக்கப் பின்னம்' என்று வைத்தால் 0.7-ஐ 7/10 என்று காட்டும். அளவுகோலில் பத்தில் ஏழு என்று கோடு எங்கே இருக்கிறது? பதினாறில் காட்டும்படி தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது 64-ஆல் பெருக்கி, முழு எண்ணாக்கி, திரும்ப 64-ஆல் வகுக்க வேண்டும். 0.7 × 64 = 44.8, ஆக 45/64, அது 0.703125. அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்குக்கு மேல் விலகிவிட்டது என்பதையும் கவனியுங்கள். டிஜிட்டல் காலிப்பரைப் பின்ன நிலையில் வைத்தாலும் அது இப்படித்தான் பக்கத்துப் பின்னத்தைக் காட்டும். பின்னத்தைக் காட்டுவதால் அளவு அங்கேயே துல்லியமாக நிற்கிறது என்று பொருளில்லை.

கணினி எண்களை இருமத்தில் வைத்துக்கொள்வதால், 0.1 என்ற எளிய தசமத்தை அதனால் துல்லியமாகச் சேமிக்க முடியாது. 1/64-ஐத் துல்லியமாகச் சேமிக்கும். எண்சுவடி ஐயா சொன்ன பாதி, பாதியில் பாதி என்ற ஏணிதான் கணினியின் ஏணியும்.

கடைசல் புதியவன்:

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இன்னும் ஒரு சந்தேகம். மெஷினை மில்லிமீட்டரிலேயே வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் 25.4-ஆல் பெருக்கிவிட்டால் என்ன? ஆனால் 25.4 என்பதே தோராயம்தானே, அதனால் தவறு கூடுமோ என்று தயங்குகிறேன்.

வெர்னியர்:

தோராயம் அன்று, தம்பி. 25.4 என்பது வரையறை. அங்குலம் என்றாலே சரியாக 25.4 மி.மீ., அதற்குப் பின்னால் ஓர் இலக்கமும் ஒளிந்திருக்கவில்லை. 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகள் சேர்ந்து இதை ஒப்புக்கொண்டன. அதற்கு முன்பு அமெரிக்க அங்குலம் 39.37 அங்குலம் ஒரு மீட்டர் என்ற கணக்கில் 25.4000508 மி.மீ. ஆக இருந்தது, பிரிட்டிஷ் அங்குலம் 25.4-க்கு மயிரிழை கீழே இருந்தது. தொழிற்சாலைகள் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. பிரிட்டனில் 1930-இலும் அமெரிக்காவில் 1933-இலும் தொழில் தரமாக 25.4 வந்துவிட்டது.

ஆகவே தாராளமாகப் பெருக்குங்கள். ஆனால் முழுத் தசமத்தைப் பெருக்குங்கள். 2.1875 × 25.4 = 55.5625 மி.மீ. 2.19 என்று சுருக்கிவிட்டுப் பெருக்கினால் 55.626, ஆறு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூடிப்போகும். பேரிங் உட்காரும் இடமாக இருந்தால் அந்த ஷாஃப்ட் வீண்.

சோதனை மேசை:

ஒரு சிறு திருத்தம், வெர்னியர் அண்ணா. 0.0635 மி.மீ. என்பது நூறில் ஆறு பங்கு. 'ஆறு நூறில் ஒரு பங்கு' என்றால் 1/600 என்று படித்துவிடுவார்கள். தவிர, இங்கே 2 3/16 நீள அளவு, பேரிங் உட்காருவது விட்டத்தில். விட்டமாக இருந்தால் நீங்கள் சொன்னது முழு உண்மை.

வெர்னியர்:

திருத்தம் சரி. நூறில் ஆறு என்றே அனைவரும் படித்துக்கொள்ளுங்கள். நன்றி.

புரி:

தாமதமாக வருகிறேன். எல்லாப் பின்னத்தையும் தசமமாக்கிவிடலாம் என்று தம்பி நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அரை அங்குலக் குழாய் என்பதை 0.5 என்று மாற்றி வெர்னியரை வைத்துப் பார்த்தால் எங்கும் 0.5 கிடைக்காது. அமெரிக்கத் தர இரும்புக் குழாயில் அதன் வெளிவிட்டம் 0.840 அங்குலம். முக்கால் அங்குலக் குழாய்க்கு 1.050, ஓர் அங்குலக் குழாய்க்கு 1.315. அங்கே 1/2 என்பது அளவு அன்று, பெயர். பெயரைத் தசமமாக்க முடியாது, அட்டவணையில்தான் தேட வேண்டும்.

மரையில் நிலைமை வேறு. 3/8-16 என்றால் 3/8 உண்மையான வெளிவிட்டம், 16 என்பது அங்குலத்துக்கு எத்தனை புரி என்ற எண்ணிக்கை. அதை 3/8 கழித்தல் 16 என்றோ, 38/16 என்றோ யாரும் படித்துவிட வேண்டாம். டேப் போடும் (துளைக்குள் மரை வெட்டும்) முன் துளை எவ்வளவு என்று தெரிய, வெளிவிட்டத்திலிருந்து ஒரு புரியின் நீளத்தைக் கழியுங்கள். 3/8-இல் 1/16 கழித்தால் 5/16. அதுவேதான் அதற்குரிய டிரில். 1/2-13-க்கு 0.5-இல் 1/13, அதாவது 0.0769 கழித்தால் 0.4231. பக்கத்தில் உள்ள டிரில் 27/64, அது 0.4219. இங்கே 13 என்பது இரண்டின் அடுக்கு அன்று, ஆகையால் தசமம் முடியாமல் ஓடும். எண்சுவடி ஐயா சொன்ன 'கடைசி இலக்கம் 5' சோதனை இதற்குப் பொருந்தாது.

அடி கணக்கிலும் அதே கதை. அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், பன்னிரண்டுக்குள் ஒரு மூன்று இருக்கிறது. 5 அடி 6 அங்குலத்தை 5.6 அடி என்று எழுதுபவர்களை இன்றும் பார்க்கிறேன், அது 5.5 அடி. 5 அடி 7 அங்குலம் 5.5833 என்று ஓடும். அரைக்கால் அங்குலம் ஏறத்தாழ 0.01 அடி என்று வைத்துக்கொண்டால் களத்தில் கைக்கணக்குக்கு உதவும்.

மரம் இழைப்பவர்:

புரி சொன்ன 'பெயர்' மரத்திலும் உண்டு. இரண்டுக்கு நான்கு என்று அமெரிக்கப் பட்டியலில் இருக்கும் மரச்சட்டம் இழைத்து வரும்போது 1 1/2-க்கு 3 1/2. அதை 2.0, 4.0 என்று எழுதி வரைபடம் போட்டு வேலையைக் கெடுத்தவர்கள் உண்டு.

கடைசல் புதியவன்:

இன்று காலை புதிய பட்டைத் தகட்டை எடுத்தேன். முதலில் தாளில் 24 வரி எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் முதல் துளையிலிருந்து எத்தனை இடைவெளி, பதினாறில் எத்தனை, கலப்புப் பின்னத்தில் எவ்வளவு, தசமத்தில் எவ்வளவு என்று நான்கு பத்தி. கால்குலேட்டரைத் தொடவில்லை. வீசம் 0.0625, அரைக்கால் 0.125 என்று கூட்டித்தான் எழுதினேன். ஒன்பதாவது வரியில் 2.5 வந்தபோது, எட்டு இடைவெளிக்கு 40/16 என்பது இரண்டரை என்று மனத்திலேயே ஒத்துப்பார்க்க முடிந்தது. கடைசி வரி 115/16, 7 3/16, 7.1875. வெர்னியர் ஐயா முதல் பதிலில் கணக்கிட்டுக் காட்டிய அதே எண்.

துளை முழுவதும் போட்டு முடித்து ஜோடித் தகட்டை மேலே வைத்தேன். 24 துளையிலும் ஊசி இறங்கியது. மேஸ்திரி வந்து கடைசித் துளையில் ஊசியைத் தானே ஒரு தடவை இறக்கி எடுத்துப் பார்த்தார். பிறகு என் தாளைக் கேட்டு வாங்கி, சுவரில் அந்த அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்.

ஷாஃப்ட் நான்கும் நாளைக்கு. டிராயிங்கின் மூலையில் பார்த்தேன், பின்ன அளவுக்கு ±1/64 என்றே போட்டிருக்கிறது. 2.1875 ±0.0156 என்று எழுதி வைத்திருக்கிறேன்.